பார்த்தாலே தொத்துமா? சிவந்த கண்ணின் பழைய கதை

கண்நோய் வந்தவரின் முகத்தை நேருக்கு நேர் பார்க்கக்கூடாது. கற்பிட்டியில இருந்து சிலாபம் வரைக்கும் எங்கட கரையோரத்துல இந்தச் சட்டம் தெரியாத பிள்ளை இருக்காது. வகுப்புல ஒருத்தனுக்குக் கண் சிவந்தா அடுத்த நாள் கறுப்புக் கண்ணாடியோட வருவான். மற்றவங்க தலையைக் குனிஞ்சுகொண்டு கதைப்பாங்க. பிறகு அவன் கண்ணைக் கசக்கின அதே கையால நீட்டுற பேனையை வாங்கி எழுதுவாங்க. அதே கையால அவன் பிய்ச்சுத் தர்ற பணிஸையும் சாப்பிடுவாங்க. பார்வைக்குப் பயம், கைக்குப் பயமில்லை.

இந்தப் பயம் எவ்வளவு பழசு என்று தேடத் தொடங்கினா மகாவம்சம் வரைக்கும் போக வேண்டியிருக்கு. நாங்க அந்த நூலைப் பெரும்பாலும் அரசியல் சண்டைக்குத்தான் திறக்கிறம். ஆனா அதுக்குள்ள நோய், பஞ்சம், வைத்தியம் பற்றிய செய்திகள் நிறையக் கிடக்கு. 36ஆம் அத்தியாயத்துல சிறிசங்கபோதி என்ற அரசனின் கதை வருது. கி.பி. 3ஆம் நூற்றாண்டு, அநுராதபுரம். அவன் காலத்துல நாட்டுக்குள்ள ஒரு இயக்கன் நுழைஞ்சானாம். பெயர் ரத்தக்கி. பாளி மொழியில் 'சிவந்த கண்ணன்' என்று அர்த்தம். அவன் போன இடமெல்லாம் சனங்களின் கண் சிவந்தது. ஒருவரை ஒருவர் பார்த்து, கண் சிவந்திருப்பதை வாயால சொன்ன உடனே ஆள் செத்துவிடுவார். இயக்கன் வந்து தின்பான். அரசன் பட்டினி கிடந்து அவனைத் தன் முன்னால வரவழைக்கிறான். இயக்கன் ஆட்களைக் கேட்கிறான், அரசன் மறுக்கிறான், வேணுமென்றால் என்னைத் தின் என்கிறான். கடைசியில் ஊர் வாசல்கள்ல பலி வைப்பது என்று பேரம் முடியுது.

அது என்ன நோய் என்று இப்ப யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. எங்களுக்குத் தெரிஞ்ச சாதாரண கண்நோய் ஆளைக் கொல்றதில்லை. கண்ணும் சிவந்து உயிரும் போகுதென்றால் அது வேறு ஏதோ கொள்ளைக் காய்ச்சலா இருந்திருக்கலாம். எனக்கு முக்கியமாப் பட்டது கதையில் வர்ற இரண்டு வினைகள்: பார்த்தல், சொல்லுதல். இந்த இரண்டுக்கும் எங்கட வீடுகள்ல தனித்தனிப் பெயர் இருக்கு. ஒன்று கண்ணூறு, மற்றது நாவூறு. பிள்ளை கொழுகொழுவென்று இருக்கென்று பக்கத்து வீட்டு ஆள் சொல்லிப்போட்டா உடனே உப்பும் மிளகாயும் சுத்திப் போடுவாங்களே, அந்தப் பயமும் ரத்தக்கியின் பயமும் ஒரே குடும்பம்.

இது எங்கட தீவுக்கு மட்டும் உரிய மூடநம்பிக்கை என்றும் நினைக்க வேண்டாம். 1ஆம், 2ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க், கண்ணேறு பற்றிய ஒரு விருந்துப் பேச்சை எழுதிவைச்சிருக்கிறார். மற்ற நோய்களைவிடக் கண்நோய்தான் பக்கத்துல இருக்கிறவருக்குச் சட்டென்று தொத்தும், பார்வைக்கு அவ்வளவு சக்தி என்பது அதுல வர்ற ஒரு வாதம். யோசிச்சுப் பார்த்தா இவங்க கண்டதுல பிழை இல்லை. நோய்க்காரரோட முகத்துக்கு முகம் இருந்தவருக்குத்தான் நோய் வந்தது. ஆனா முகத்துக்கு முகம் இருக்கிற ஆட்கள் ஒரே துவாயால முகம் துடைப்பாங்க, ஒரே பாயில படுப்பாங்க, ஒரே செம்புல தண்ணி மொள்ளுவாங்க. அது கண்ணுல படவில்லை.

மகாவம்சத்துலேயே கையைப் பற்றியும் ஒரு கதை இருக்கு. விஜயனின் ஆட்கள் கப்பலால இறங்கிக் களைச்சுப்போய்க் கையை நிலத்துல ஊன்றி இருந்தபோது செம்மண் பட்டு உள்ளங்கை சிவந்ததாம். அதனாலதான் அந்த இடத்துக்குத் தம்பபண்ணி என்று பெயர் வந்ததாம். அது எங்கட மாவட்டத்துக் குதிரைமலைப் பக்கம் என்று ஒரு வழக்கு உண்டு. அந்தப் பக்கத்து மண் உண்மையிலேயே சிவப்புத்தான். கை எதைத் தொட்டாலும் அது கையில ஒட்டிக்கொண்டு வரும் என்பதை ஒரு அத்தியாயத்துல எழுதின அதே நூல், கண்நோய்க்கு வரும்போது கையை மறந்துபோச்சு.

கை திரும்பக் கதைக்குள்ள வர 19ஆம் நூற்றாண்டு ஆகுது. அதுக்கும் இலங்கையோட ஒரு சின்னத் தொடர்பு உண்டு.

நெப்போலியன் 1798இல் எகிப்துக்குப் படை கொண்டுபோனான். அவனை விரட்ட பிரித்தானியரும் 1801இல் அங்க இறங்கினாங்க. அப்ப எங்கட கரையோரம் பிரித்தானியரிடம் வந்து ஐந்தாறு வருஷம்தான். கற்பிட்டிக் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து 1795இல் எடுத்திருந்தாங்க. 1800 கடைசியில ஆதர் வெல்லெஸ்லி, அதாவது பின்னாளில் வோட்டர்லூவில் ஜெயிச்ச வெலிங்டன் பிரபு, வேறொரு திட்டத்துக்காகத் திருகோணமலையில் படை சேர்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படையை எகிப்துக்குத் திருப்பச் சொல்லி உத்தரவு வந்தது. அவர் பம்பாயில் காய்ச்சலோடு படுத்துவிட்டதால் போகவில்லை. சிப்பாய்கள் போனாங்க.

எகிப்தில் இரண்டு பக்கத்துப் படைகளையும் கண்நோய் பிடிச்சது. கண் வீங்கி, சீழ் வடிந்து, பலருக்குப் பார்வையே போனது. இன்றைக்கு ட்ரக்கோமா என்று சொல்ற நோயும் வேறு சில தொற்றுகளும் கலந்து வந்திருக்கும் என்று நினைக்கிறாங்க. முதல்ல வைத்தியர்கள் பாலைவன வெயிலைக் குற்றம் சொன்னாங்க, மணலைச் சொன்னாங்க, இரவுப் பனியைச் சொன்னாங்க. ஆனா சிப்பாய்கள் ஊருக்குத் திரும்பின பிறகும், வெயிலும் மணலும் இல்லாத இங்கிலாந்து முகாம்களுக்குள்ள நோய் பரவிக்கொண்டே இருந்தது. ஜோன் வெட்ச் என்ற இராணுவ வைத்தியர் 1807இல் இதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியின் கண்ணிலிருந்து வடியும் சீழ் மற்றவரின் கண்ணில் படுவதால்தான் தொத்துது, காற்றால இல்லை என்பது அவர் வாதம். ஒரே தொட்டித் தண்ணி, ஒரே துணி, ஒரே படுக்கை: முகாம் வாழ்க்கையே அப்படித்தான்.

இந்தக் கண்நோய் அலையின் நடுவுலதான் 1805இல் லண்டனில் கண்ணுக்கென்றே ஒரு ஆஸ்பத்திரி தொடங்குது. இன்றைக்கு மூர்ஃபீல்ட்ஸ் என்று உலகத்துக்கே தெரிஞ்ச இடம். அங்க பயிற்சி பெற்ற றொபர்ட் றிச்சர்ட்சன் 1819இல் மெட்ராசில் ஒரு கண் ஆஸ்பத்திரி தொடங்கினார். அது பிறகு எழும்பூருக்கு இடம் மாறி இன்றைக்கும் நடக்குது. ஆசியாவின் மிகப் பழைய கண் ஆஸ்பத்திரி என்று அதைச் சொல்லுவாங்க. தமிழ்நாட்டுப் படங்கள்ல பகிடிக்கு வருமே 'மெட்ராஸ் ஐ', அந்தப் பெயரும் இந்த ஆஸ்பத்திரியோடு ஒட்டினதுதான். 1918இல் இங்கதான் இந்த நோயின் வைரஸைப் பிரிச்செடுத்தாங்க என்று இணையத்துல பல இடத்துல எழுதியிருக்கும். அதை நம்பாதீங்க. அடினோ வைரஸ் முதன்முதலா பிரிச்செடுக்கப்பட்டது 1953இல், அமெரிக்காவில். 1918இல் வைரஸை வளர்த்துப் பார்க்கிற வசதியே இல்லை. ஊர்ப் பெருமை தேதியைப் பின்னுக்கு இழுத்திருக்கு.

கண்நோய்க்கு வைச்ச பெயர்களை மட்டும் சேர்த்தாலே ஒரு உலக வரலாறு வரும். 1969இல் கானா நாட்டின் அக்ராவில் வெள்ளைவிழியில் இரத்தம் கசியும் ஒரு புதுக் கண்நோய் கிளம்பினது. அந்த நேரம்தான் மனிதன் நிலவில் கால் வைச்சான். சனங்கள் அதுக்கு 'அப்பலோ 11 நோய்' என்று பெயர் வைச்சாங்க. 1971இல் அதே மாதிரி ஒரு அலை கல்கத்தாவுக்கு வந்தது. அப்ப கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் இலட்சக்கணக்கில் வந்துகொண்டிருந்தாங்க. கல்கத்தாக்காரர் நோய்க்கு 'ஜோய் பாங்ளா' என்று பெயர் சூட்டினாங்க. ஒரு விடுதலைக் கோஷம் கண்நோயின் பெயராச்சு. பெயர் எப்பவும் வெளியில இருந்து வந்த ஆளைத்தான் கைகாட்டும் போல. ரத்தக்கியும் வெளியில இருந்து வந்தவன்தானே.

எனக்கு ரொம்பப் பிடிச்ச பெயர் 'கப்பல்துறைக் கண்'. இரண்டாம் உலகப் போர் நேரம், 1941, 1942இல் ஹவாயிலும் பிறகு அமெரிக்காவின் மேற்குக் கரையிலும் கப்பல் கட்டும் தொழிலாளருக்குள்ள கண்நோய் காட்டுத்தீ மாதிரிப் பரவினது. வேலையில இரும்புத்தூள் கண்ணுக்குள்ள போகும், உடனே அங்கேயே இருந்த மருந்தறைக்குப் போவாங்க. தூளை எடுத்துவிட்டு அனுப்புவாங்க. சில நாள்ல கண் சிவந்து வீங்கும். பரவினது எங்க என்று பார்த்தா அந்த மருந்தறையில. ஒரு ஆளின் கண்ணைத் தொட்ட கை, அதே கருவி, அதே சொட்டு மருந்துப் போத்தல் அடுத்த ஆளின் கண்ணுக்கும் போனது. 1955இல் இந்த நோய்க்கும் ஒரு வகை அடினோ வைரஸுக்கும் உள்ள தொடர்பு உறுதியானது. இந்த வைரஸ் கதவுப்பிடியிலும் மேசையிலும் நாட்கணக்கில், சிலநேரம் வாரக்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும். அதைத் தொட்ட கை கண்ணுக்குப் போனால் போதும்.

முகாம் என்று சொன்னதும் எங்கட வீட்டுல யாருக்கும் 1801 ஞாபகம் வராது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் வந்து ஓலைக் கொட்டில்கள்ல ஒதுங்கினது. எங்கட உம்மம்மாவும் அப்படி வந்தவதான். முகாமுல கண்நோய் வந்தா ஒரு கொட்டில் தப்பாது என்று சொல்லுவா. கிணறு தூரம், குடம் ஒன்று, துவாய் ஒன்று, பிள்ளைகள் ஆறு பேர். அப்பவும் உம்மம்மா பிள்ளைகளுக்குச் சொன்னது ஒரே புத்திமதி: அவள்ட முகத்தைப் பார்க்காதே. "தண்ணி இல்லாத இடத்துல கையைக் கழுவு என்று யாருக்கு மனே சொல்றது?" என்று என்னைக் கேட்டா. எனக்குப் பதில் வரவில்லை.

உம்மம்மாவின் கைவைத்தியம் கொத்தமல்லி அவிச்ச தண்ணி. சில வீடுகள்ல தாய்ப்பால், சில வீடுகள்ல நந்தியாவட்டைப் பூ. பத்து நாள்ல சுகமாகும். சுகமாகும் என்பது உண்மை, ஏனென்றால் வைரஸால வர்ற சாதாரண கண்நோய் மருந்து போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்று தொடக்கம் மூன்று வாரத்துக்குள்ள தானாகப் போகும். பிரச்சினையும் இங்கதான் தொடங்குது. தலைமுறை தலைமுறையா "தானாப் போகும்" என்று பார்த்துப் பழகின கண்ணுக்கு, தானாப் போகாத சிவப்பு எது என்று தெரியாமப் போச்சு.

எங்கட கரையில கண் சிவக்கக் காரணமா இல்லை? உப்பளத்து வெயில், வெள்ளை உப்புல பட்டுத் திரும்ப அடிக்கும். கடல் காற்று, கருவாட்டு வாடியின் புழுதி, தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து. வருஷக்கணக்கா வெயிலிலும் காற்றிலும் நின்றவர்களுக்கு மூக்குப் பக்கத்து வெள்ளைவிழியில இருந்து முக்கோணமா ஒரு சதை கருவிழியை நோக்கி வளரும். கரைவலை இழுக்கிற ஆட்களின் கண்ணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்க, தெரியும். அது தொத்தாது. கருவிழியின் நடுவை மறைக்கத் தொடங்கினா வெட்டி எடுக்க வேணும். அதைக் கண்நோய் என்று நினைச்சு ஒருத்தர் பக்கத்துல இருக்காம எழும்பிப் போனதைப் பார்த்திருக்கிறன்.

எங்கட தெருவுல ஒரு மாமா. இரண்டு வருஷத்துக்கு முந்தி கிடுகு பின்னும்போது ஈர்க்கு ஒன்று கண்ணுல குத்தினது. அந்த வாரம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குள்ள கண்நோய் ஓடிக்கொண்டிருந்தது. இவருக்கும் கண் சிவந்ததும் அதுதான் என்று எல்லாரும் முடிவு கட்டினாங்க. யாரோ ஒருத்தருக்கு வெண்புரை ஒபரேஷனுக்குப் பிறகு கொடுத்த சொட்டு மருந்துல மிச்சம் இருந்தது, அதை விட்டாங்க. இரண்டு நாள்ல சிவப்பு நல்லாக் குறைஞ்சது. சந்தோஷம். அந்த மருந்துல ஸ்டெரொயிட் இருந்திருக்கு. ஸ்டெரொயிட் சிவப்பைத் தணிக்கும், கூடவே கண்ணின் எதிர்ப்பையும் தணிக்கும். ஓலை, இலை, முள் குத்தின காயத்துல பூஞ்சணம் இருந்தா அதுக்கு அது விருந்து. ஒன்றரை வாரத்துல தாங்க முடியாத நோவு, கருவிழியில வெள்ளைப் புள்ளி. கண் கிளினிக்குக்குக் கொண்டுபோனபோது புண் ஆழமாப் போயிருந்தது. புண் ஆறினது, தழும்பு நின்றது. இப்ப அந்தக் கண்ணால நிழல் மட்டும்தான் தெரியும்.

அந்தத் தழும்புக்கு ஒரே வழி, இறந்த ஒருவர் தானம் கொடுத்த விழிவெண்படலத்தை மாற்றி வைக்கிறது. இந்த விஷயத்துல இலங்கைக்கு உலகத்துல ஒரு மரியாதை உண்டு. ஹட்சன் சில்வா 1958இல், மருத்துவ மாணவராக இருந்தபோதே, செத்த பிறகு கண்ணைத் தாருங்க என்று பத்திரிகையில எழுதினார். 1960இல் அவருடைய தாய் இறந்தபோது தாயின் விழிவெண்படலத்தை எடுத்து ஒரு ஏழை விவசாயிக்கு வைச்சார். 1961இல் கண்தானச் சங்கம் தொடங்கினது. 1964இல் முதன்முறையா வெளிநாட்டுக்கு, சிங்கப்பூருக்கு, ஐஸ் போட்ட பிளாஸ்க்குல கண்கள் போனது. அதுக்குப் பிறகு ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள். கண்ணையே தானம் கொடுத்த சிபி அரசனின் ஜாதகக் கதையைப் பன்சலையில கேட்டு வளர்ந்த சனங்களுக்கு அந்த வேண்டுகோள் உடனே விளங்கினது. ஆனா மாற்றி வைச்ச படலமும் எல்லாருக்கும் நிக்காது. பூஞ்சணம் தின்ற கண்ணுல அது இன்னும் கஷ்டம். முதல் இரண்டு நாளுக்குள்ள போயிருந்தா மாமாவுக்கு இந்தக் கதையே தேவைப்பட்டிருக்காது.

அப்ப எப்ப போறது? சாதாரண கண்நோய் பெரும்பாலும் ஒரு கண்ணுல தொடங்கி ஓரிரு நாள்ல மற்றதுக்கும் வரும். மண் விழுந்த மாதிரி உறுத்தும், தண்ணி வடியும், காலையில பீளை கட்டி இமை ஒட்டும். ஆனா பீளையைத் துடைச்சுவிட்டாப் பார்வை தெளிவா இருக்கும். துடைச்ச பிறகும் மங்கலா இருந்தா அன்றைக்கே போகணும். உறுத்தல் இல்லை, உண்மையான நோவு என்றால் போகணும். வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாம ஒரு கண் மட்டும் கூசினா, கருவிழியில வெள்ளையா எதுவும் தெரிஞ்சா, ஏதாவது குத்தின பிறகு சிவந்தா, கொன்டக்ட் லென்ஸ் போடுற ஆளா இருந்தா, சும்மா காத்திருக்கக்கூடாது. வயசானவங்களுக்கு ஒரு கண் சிவந்து, தலை இடிச்சு, சத்தியும் வந்து, விளக்கைச் சுத்தி வளையம் தெரிஞ்சா அது வயிற்றுக் கோளாறு இல்லை. கண்ணுக்குள்ள அழுத்தம் திடீரென்று ஏறியிருக்கலாம், மணித்தியாலக் கணக்குல பார்வை போகும். சுண்ணாம்போ சீமெந்தோ தெறிச்சா முதல்ல வைத்தியசாலைக்கு ஓட வேண்டாம். இருக்கிற இடத்துலேயே இமையைத் திறந்து பிடிச்சு, குறைஞ்சது அரை மணித்தியாலம் தண்ணியை ஊற்றிக் கழுவிப்போட்டுப் பிறகு ஓடுங்க. அரச வைத்தியசாலையில இதுக்கெல்லாம் காசு இல்லை. ஓபிடியில காட்டினா அவங்களே கண் கிளினிக்குக்கு அனுப்புவாங்க. இன்னொரு ஆளின் மிச்ச மருந்தை மட்டும் விடாதீங்க, பாமசியில "கண் சிவப்புக்கு ஒன்று தாங்க" என்று கேட்டும் வாங்காதீங்க.

கறுப்புக் கண்ணாடி கூச்சத்துக்கு நல்லது, தொத்துறதை அது நிற்பாட்டாது. தனித் துவாய், தனித் தலையணை உறை, ஓடுற தண்ணியும் சவர்க்காரமும்தான் வேலை செய்யும். கொரோனாக் காலத்து ஜெல்லை இதுக்கு நம்பியிருக்க வேண்டாம். அடினோ வைரஸுக்கு வெளியில கொழுப்பு உறை இல்லாததால அது அல்கஹோலுக்குக் கொரோனா மாதிரிச் சட்டென்று மடங்காது. கண் சிவந்து இரண்டு வாரம் வரைக்கும் மற்றவருக்குத் தொத்தலாம், அதனால சிவப்பு குறைஞ்ச கையோட பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டிய அவசரம் இல்லை.

கைக்குழந்தைகளின் கதை வேறு. பிறந்து ஒரு மாசத்துக்குள்ள கண் சிவந்து சீழ் கட்டினா அது பிரசவ நேரம் ஒட்டின கிருமியா இருக்கலாம். ஜேர்மனியின் லைப்சிக்கில் கிறெடே என்ற வைத்தியர் 1880இல் பிறந்த உடனே சொட்டு மருந்து விடத் தொடங்கும் வரைக்கும் ஐரோப்பாவில் எத்தனையோ பிள்ளைகள் இதால குருடாச்சு. தாய்ப்பால் விட்டுப் பார்க்கிறதும், கிளினிக் நாள் வரும் வரைக்கும் வைச்சிருக்கிறதும் இங்க சரிவராது. அன்றைக்கே, இரவென்றாலும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்க.